ஊருக்குப் போகிற பாட்டு

அந்த ஃபிளெக்ஸ் பேனரைக் கிழித்தது நான்தான். காற்றில் கிழிந்தது, குடிகாரன் எவனோ கிழித்தான் என்றெல்லாம் தெருவில் பேசிக்கொண்டார்கள். காற்றாவது கருவாடாவது. காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு போய், என் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த கயிறுகளை அறுத்து, நடுவில் ஒரே கோடாகக் கிழித்து, சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பேனரில் முக்கால்வாசி இடத்தை ஒரு ஆள் அடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, வாய் நிறையப் பல். மேலே ஓரத்தில், தபால் தலை அளவுக்கு, செத்துப்போனவர். செத்துப்போனவர் என் வாடகைக்காரர். மேல்மாடி முதல் அறையில் பதினோரு வருஷம் இருந்த பட்டாளத்துக்காரர். பல்லைக் காட்டியவர் அவருடைய அண்ணன் மகன், வாலாஜாபாத்தில் ஏதோ ஒரு கட்சியில் ஏதோ ஒரு பொறுப்பு. அந்தப் பதினோரு வருஷத்தில் என் வீட்டு மாடிப்படி ஒன்றில்கூட அவர் கால் பட்டதில்லை.

பேனர் சண்டை சின்னச் சண்டை. பெரிய சண்டை, அந்த மனுஷனைத் தோளில் தூக்கிப் போவது யார் என்பதுதான். யார் தூக்க வேண்டும் என்று அவர் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். என்னிடம்தான் கேட்டார், நானும் சரி என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு 'சரி'க்காகத்தான் அன்றைக்கு அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்றேன்.

எங்கள் நிலம் வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. நெல் விளைந்த இடத்தில் இப்போது கார் உதிரிபாகம் விளைகிறது. அதை நினைத்து மூக்கைச் சிந்துகிற ஆள் நான் இல்லை. சேற்றில் குனிந்து குனிந்து என் இடுப்பு போனது எனக்குத்தான் தெரியும். கையில் வந்ததை வைத்து, ஒரகடம் போகிற பக்கத்தில் எட்டு அறை கட்டி வாடகைக்கு விட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, வாடகை வாங்குவதும் தண்ணீர் மோட்டார் போடுவதும் சண்டை போடுவதும் என் வேலை ஆயிற்று. மூன்றாவதில் நான் கெட்டிக்காரி.

பட்டாளத்துக்காரர் வந்தபோது கையில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டியும், நீளமாகத் தோல் உறை போட்ட ஒரு சின்னப் பெட்டியும் இருந்தன. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. பட்டாளத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு இங்கே அதுதான் வேலை.

"துணைக்கு யாருண்ணா?" என்று கேட்டேன்.

அவர் சின்னப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். உள்ளே பாட்டில்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"குடிக்கிற ஆளுக்கு ரூம் இல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்தார். கறுப்பாக ஐந்து துண்டு. ஒன்றோடொன்று பொருத்தித் திருகினார், கிளாரினெட் ஆயிற்று. பட்டாளத்து பேண்டில் அதைத்தான் வாசித்தாராம். "ஆபீசருங்க கல்யாணத்துக்கெல்லாம் நான்தான் வாசிப்பேன் தங்கச்சி. என் கல்யாணத்துக்கு வாசிக்கத்தான் ஆள் கெடைக்கல, அதான் பண்ணிக்கல" என்று சிரித்தார். நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். பாட்டில் என்று நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆனால் பாட்டில் என்று நினைத்தது நான் மட்டுமில்லை. மிலிட்டரிக்காரர் குடி வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் தெருவில் அவருக்குத் திடீரென்று அண்ணன் தம்பிகள் முளைத்தார்கள். மிலிட்டரி கேன்டீனில் சரக்கு மலிவாகக் கிடைக்கும், அதுதான் விஷயம். ஆடி மாதத்தில் ஒருவர் பழத்தட்டோடு வந்தார், பழத்தட்டோடு. நம் மிலிட்டரிக்காரர் எல்லோரையும் உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பினார். கேன்டீனிலிருந்து அவர் வாங்கி வந்ததெல்லாம் பிரஷர் குக்கர். என் அறைகளில் எவனுக்காவது கல்யாணம் நிச்சயமானால், அவன் ஊருக்குப் போகும்போது பையில் ஒரு குக்கர் இருக்கும். பாட்டிலுக்கு வந்தவர்கள் அவருக்கு "குக்கர் மிலிட்டரி" என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேட்டு அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

மீதி ஏழு அறைகளில் இருந்தவர்கள் எல்லோரும் வடக்கத்திப் பையன்கள். ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்ட். ஒரு அறைக்கு நான்கு பேர், இரண்டு ஷிப்டு. நான்காவதில் மட்டும் ஒரு ஒடிசாக்காரனும் அவன் பெண்டாட்டியும். எனக்கு அவர்கள் பேசுவது ஒன்றுமே புரியாது. நான் தமிழில் திட்டுவேன், அவர்கள் தலையாட்டுவார்கள். இவர் வந்த பிறகுதான் என் திட்டு அவர்களுக்கு அர்த்தத்தோடு போய்ச் சேர்ந்தது. இந்தி, பஞ்சாபி, வங்காளம், ஒடியா, அசாமியா, நேபாளி, இன்னும் என்னென்னவோ. "எழுதத் தெரியாது தங்கச்சி, பேசத்தான் தெரியும். கூட சாப்ட்டா பாஷ தானா வந்துடும்" என்பார். டிசம்பரில் சர்ச்சில் பாட்டுக்கு வாசிப்பார். பீகார் பையன்கள் ஏரியில் இறங்கிச் சூரியனைக் கும்பிடுகிற நாளில் அவர்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று வாசிப்பார். எந்த சாமி என்று அந்தக் கிளாரினெட் கேட்டதில்லை.

ஒரு காலையில் நான்காவது அறையில் இருந்த ஒடிசாப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. புருஷன் ஷிப்டில் இருக்கிறான், போனை கம்பெனி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நானும் அவரும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே நர்ஸம்மா என்ன சொன்னாலும் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அது பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. நர்ஸம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இந்த பொண்ணு பாஷ யாருக்குத் தெரியும்?"

அவர் கையைத் தூக்கினார்.

"அங்கயே நில்லுங்க சார். நான் சொல்லச் சொல்ல அத்த அப்பிடியே சத்தமா சொல்லுங்க. மூச்ச நல்லா இயுத்துக்கோ, அப்பறம் முக்கு."

மனுஷனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பிறகு பரேடு மைதானத்தில் கேட்கிற குரலில் ஒடியாவில் கத்தினார் பாருங்கள், வெளி நோயாளிகள் வரிசையே திரும்பிப் பார்த்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா தமிழில், இந்தப் பக்கம் இவர் ஒடியாவில், நடுவில் அந்தப் பெண்ணின் அலறல். முக்கால் மணி நேரம். பெண் குழந்தை. குழந்தையின் அழுகை கேட்டதும் இவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு அவரைத் திட்டவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. என் அறைகளைக் காலி செய்துவிட்டு எவனாவது ஒரேயடியாக ஊருக்குப் போனால், அவனைக் கிளாரினெட் வாசித்துத்தான் அனுப்புவார். பட்டாளத்தில் அப்படித்தானாம், மாற்றலாகிப் போகிறவனை சும்மா அனுப்பமாட்டார்களாம். போகிறவன் டிராலி பையோடு முன்னால் நடப்பான். இவர் பின்னால் வாசித்துக்கொண்டே போவார். என் கேட்டிலிருந்து வாலாஜாபாத் ரோடு முனைவரை, இருநூறு தப்படி இருக்கும். முனையில் ஷேர் ஆட்டோ வந்து அவன் ஏறி, அந்த ஆட்டோ கண்ணைவிட்டு மறைகிறவரை நிறுத்தமாட்டார்.

சரி, அது அவர் பிரியம். எனக்குப் பிடிக்காதது அவர் வாசித்த மெட்டு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு செட்டுக்காரர்கள் வாசிக்கிற மெட்டு அது. சின்னப்பிள்ளை கேட்டாலும் சொல்லிவிடும்.

"ஏண்ணா, வேலய வுட்டுட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு போறான் அவன். அவனுக்குப் போய் மாப்ள அழைப்பா வாசிக்கிற? கேக்கறவங்க சிரிக்கமாட்டாங்க?"

"சிரிக்கட்டுமே. வந்தப்போ அவன வான்னு யாரும் கூப்பிடல. போறப்பவாவது மாப்ள மாதிரி போவட்டும்."

பையன்களுக்கு இது எதுவும் தெரியாது. எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு அவர்களை யார் கூப்பிட்டார்கள்? அவர்களைப் பொறுத்தவரை அது ஊருக்குப் போகிற பாட்டு. குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் விசிலில் அதையே அடிப்பார்கள்.

போன வருஷம் தெருவில் ஒரு தண்ணீர் மோட்டார் காணாமல் போயிற்று. உடனே கூட்டம் போட்டுவிட்டார்கள். வடக்கத்தியானுக்கு இனி யாரும் ரூம் விடக்கூடாது, இருக்கிறவனை மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என் வாய் எல்லோருக்கும் தெரியும் என்பதால் பேசவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நானும் இருவத்திநாலு வருசம் வெளியூர்க்காரனாத்தான் இருந்தேன். அவனுங்க ஊர்லதான் இருந்தேன். அவனுங்களக் காலி பண்றதுன்னா மொதல்ல என் பெட்டிய எறக்குங்க."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். நானும் எழுந்து, "என் வூடு, என் சாவி. எவன் வந்து பூட்டறான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவரோடு வெளியே வந்தேன். அந்த மோட்டார் பிறகு யார் வீட்டுக் கொல்லையில் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது என்பது ஊருக்கே தெரியும். கூட்டம் போட்டவர்களில் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னைப்போலவே அவர்களுக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

கூட்டம் நடந்த மறுநாள் காலை மாடியில் துணி காயப்போடப் போனபோது தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, பேண்டுக்காரனுக்கு சண்ட வந்தா இன்னா வேல தெரியுமா?"

"இன்னா, சண்டயில நின்னு வாசிக்கணுமா?"

"ஸ்ட்ரெச்சர் தூக்கணும். வாசிக்கிற நேரம் போக எங்களுக்கு அதான் வேல."

பனிமலையில் இருந்தபோது, கூடவே டிரம் வாசித்தவன் ஒருவன் மூச்சு அடைத்துச் செத்துப்போனானாம். அவனை அவன் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இவரை அனுப்பினார்களாம். மலை உச்சியில் ஊர். வண்டி போகாது. சொந்தக்காரர்கள் வந்து பாடையைத் தூக்கும்போது இவர் ஒதுங்கி நின்றிருக்கிறார். செத்தவனின் அப்பா வந்து இவர் கையைப் பிடித்து இழுத்து, முன்பக்கத் தோளைக் கொடுத்திருக்கிறார்.

"நீ யாரு, இன்னா ஊரு, இன்னா ஜாதி, ஒண்ணும் கேக்கல தங்கச்சி. அவங்க பாஷகூட எனக்கு அப்போ ஒயுங்கா வராது." அவர் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்தார். "நான் போனா, இந்த வூட்ல இருந்து என்ன இந்தப் பசங்கதான் தூக்கணும். முனை வரைக்குமாவது தூக்கணும்."

"காலங்காத்தால சாவு பேச்சு பேசாதண்ணா."

"சரின்னு மட்டும் சொல்லு."

"சரி, சரி. எயுந்து போய் டீ குடி."

இப்படித்தான் அந்தச் சரியை நான் சொன்னேன். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதி எரிச்சலோடு.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை டீ டம்ளர் கையில் இருக்க நாற்காலியிலேயே போய்விட்டார். டம்ளர்கூடக் கீழே விழவில்லை. வாலாஜாபாத்துக்குச் சொல்லி அனுப்பியது நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும், ஆனால் அது முறை இல்லை. ரத்த சொந்தம் அவர்கள். நான் வாடகை வாங்குகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேனர் முதலில் வந்தது, அதன் கதையைச் சொல்லிவிட்டேன். பிறகு அண்ணன் மகன் இரண்டு கார் நிறைய வெள்ளைச் சட்டைகளோடு வந்தார். எங்கே அழுவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். ஐஸ் பெட்டி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மேளக்காரர்களை எங்கள் ஊரிலேயே பேசிவிட்டிருந்தார்கள். வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோய் அங்கேதான் எடுக்கப் போகிறோம் என்றார். அதை நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு வழியும் இல்லை.

"எங்க வேணா எட்த்துகினு போ. ஆனா இங்கருந்து முனை வரைக்கும் இந்தப் பசங்க தூக்குவாங்க. அவரு சொன்னது."

அண்ணன் மகன் படியில் உட்கார்ந்திருந்த பையன்களைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வேலை இருந்தும் அன்றைக்கு ஒருவன்கூடப் போகவில்லை. குளித்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்திக்காரன் தோள்ல எங்க சித்தப்பா போவணுமா? பங்காளிங்க இத்தினி பேர் இருக்கும்போது? ஊர்ல காறித் துப்புவாங்கம்மா."

"பதினோரு வருசமா ஜுரம்னா கஞ்சி வெச்சிக் குட்த்தவனுங்க அவனுங்க. அப்போ இந்தப் பங்காளிங்க எங்க போயிருந்தாங்க?"

"நீ யாரும்மா அத்த கேக்க?"

"சரின்னு சொன்னவ" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. புரியவேண்டியதும் இல்லை.

கேட்டில் குறுக்கே நின்றுகொண்டேன். தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நின்றேன். தள்ளியிருப்பார்கள். ஆனால் எங்கள் தெருவில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதல் நாள் மழை வேறு. அமரர் ஊர்தி உள்ளே வர வழியில்லை, முனையில் நின்றுவிட்டது. முழங்கால் சேற்றில், பலகை போட்ட இடத்தில் பலகை மேலேயும் மற்ற இடத்தில் சேற்றிலேயும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

"நாலு பேர் வாங்கப்பா" என்றார் அண்ணன் மகன்.

வெள்ளைச் சட்டைகள் ஒன்றையொன்று பார்த்தன. ஒருவருக்கு முதுகில் வலி. ஒருவருடைய மனைவி முழுகாமல் இருக்கிறாள், அவர் பாடை தொடக்கூடாது. ஒருவர் மாலை போட்டிருக்கிறாராம், கழுத்தில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. இன்னொருவருக்கு அப்போது பார்த்து போன் வந்துவிட்டது. அண்ணன் மகன் தன்னுடைய வேட்டியைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். எனக்கு வந்ததே ஆத்திரம். இத்தனைக்கும் அந்த மனுஷன் கடைசியில் ஒரு குருவி கனம்தான் இருந்தார்.

"கேட்டியே நாலு பேர்" என்று சொல்லிவிட்டு நான் கேட்டைவிட்டு நகர்ந்தேன். "இதோ."

கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. பையன்கள் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார்கள். முன்பக்கம் ஒடிசாக்காரன், ஆஸ்பத்திரியில் பிறந்த அந்தக் குழந்தைக்கு அப்பன். அவன் பக்கத்தில் ஒரு பீகார்ப் பையன். பின்பக்கம் இரண்டு பேர், ஜார்க்கண்டும் அசாமும்.

அண்ணன் மகனுக்கு வேறு வழி இல்லை. ஆனாலும் விடவில்லை. "தூக்கறதோட சரி. அவங்க பாஷையில எத்தையாவது கத்திகினு வரக்கூடாது. வாயே தொறக்கக்கூடாது, சொல்லிடு."

அவர்கள் ஊரில் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டுதான் தூக்குவார்களாம். வாயில் விரலை வைத்துக் காட்டிச் சொன்னேன். தலையாட்டினார்கள்.

மேளம் முன்னால் போயிற்று. நான்கு பேரும் சேற்றில் இறங்கினார்கள். பாடை அசையவில்லை, அப்படித் தூக்கினார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்கள், கண்ணிலிருந்து மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பாதித் தூரத்தில் தோள் மாற்றினார்கள். அடுத்த நால்வர், பிறகு அடுத்த நால்வர். ஏழு அறையும் தோள் கொடுத்தது. பங்காளிகள் ஓரமாகச் செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டித் தாண்டி வந்தார்கள்.

முனையில் வண்டியில் ஏற்றினார்கள். மேளம் கொஞ்சம் நின்றது. கதவைச் சாத்தினார்கள். அப்போதுதான் கூட்டத்தில் ஒருவன் விசில் அடித்தான்.

அந்த மெட்டுதான். அவர்கள் எந்த பாஷையிலும் கத்தவில்லை, வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உதட்டைக் குவித்து இரண்டாமவன் சேர்ந்துகொண்டான். பிறகு இருபது, இருபத்தைந்து பேர். என் கேட்டிலிருந்து அந்த முனைவரை எத்தனை பேருக்கு அவர் வாசித்தாரோ, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவர்கள் வாசித்தார்கள்.

தெருவே திகைத்துப் போய் நின்றது. அண்ணன் மகன் காரிலிருந்து இறங்கி வந்தார்.

"டேய், இன்னாடா இது? சாவுல மாப்ள அழைப்பு பாட்டா? கிண்டல் பண்றீங்களா?"

விசில் தடுமாறியது. ஒடிசாக்காரன் என்னிடம் ஓடி வந்தான். அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் நான் கற்றுக்கொடுத்த திட்டுதான், அதை வைத்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, தப்பா? இது ஊருக்குப் போற பாட்டுதானே?"

எத்தனை வருஷம் இந்தப் பாட்டுக்காக அந்த மனுஷனைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதே பாட்டுக்காகக் கத்தினேன்.

"தப்பில்ல. ஊருக்குப் போற பாட்டுதான். நல்லா சத்தமா அடிங்கடா."

அண்ணன் மகன் மேளக்காரர்களைப் பார்த்து, "வேகமா அடிங்கப்பா, இவனுங்க சத்தம் கேக்கக்கூடாது" என்றார். மேளக்காரர்களில் மூத்தவர் என்னைப் பார்த்தார். எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிறவர் அவர். நான் தலையாட்டினேன். அவர் குச்சியை மாற்றிப் பிடித்தார். அடி மாறியது. சாவு மேளம் அந்த மெட்டுக்கு இறங்கிவந்தது.

வண்டி வாலாஜாபாத் ரோட்டில் திரும்பியது. எனக்கு விசில் வராது, கையைத் தட்டினேன். பக்கத்தில் நின்ற பெண்களும் தட்டினார்கள், அன்றைக்குக் கூட்டம் போட்ட வீட்டுப் பெண்களும்தான். வண்டி கண்ணைவிட்டு மறைகிறவரை ஒருவரும் நிறுத்தவில்லை.

அங்கே வாலாஜாபாத்தில் யார் தூக்கினார்கள், எத்தனை பேனர் கட்டினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கிளாரினெட்டை அண்ணன் மகன் கேட்டு ஆள் அனுப்பினார், கொடுக்கவில்லை, இன்னொரு தடவை அனுப்பினாலும் கொடுக்கமாட்டேன். முதல் அறையில் இப்போது நான்கு அசாம் பையன்கள் இருக்கிறார்கள். அந்த மனுஷனுக்கு வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்று இனிமேல் எவனும் என்னிடம் வந்து சொல்ல முடியாது. மேளத்தோடு மாப்பிள்ளை அழைப்பு வைத்துத்தான் நாங்கள் அனுப்பினோம்.